கூடி வணங்குவோரும் விலகி நிற்போரும்: வாசகர் கேள்வி–பதில்

நீலகிரி மாவட்டத்து வாசகர்கள் அண்மையில் அனுப்பிய கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தபோதிலும், பொது இடத்தில் வழிபாடு என்னும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. அவற்றை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்து விடை எழுதுகிறேன். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்களில் வாழ்கிறவர்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் கிறித்தவ நிர்வாகத்தின் உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் பள்ளி வளாகத்தில் உள்ள ஆலயத்தில் நடக்கும் ஆராதனைக்கு எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும் என்கிறார்கள். பள்ளி நல்ல பள்ளி, ஆசிரியைகள் அன்பானவர்கள், அவர்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் மகள் போக மறுக்கிறாள். நான் என்ன செய்வது? (ஒரு தாய், கோத்தகிரி)

பதில்: சண்டைக்கு இங்கே இடமே இல்லை அம்மா, ஒரு கடிதம் போதும். அரசின் அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதியிலிருந்து உதவி பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் படிப்பவரை, அவருடைய இசைவு இல்லாமல், அவர் வயது நிரம்பாதவராக இருந்தால் அவருடைய காப்பாளரின் இசைவு இல்லாமல், அங்கே நடக்கும் சமயப் போதனையில் பங்கேற்கும்படியோ வழிபாட்டுக்கு வரும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கூறுகிறது. உதவி பெறாத தனியார் பள்ளியாக இருந்தாலும், அரசின் அங்கீகாரம் இருந்தால் இந்த விதி அதையும் கட்டுப்படுத்தும். அதைவிட முக்கியமாக, 'என் பிள்ளை வரமாட்டாள்' என்று பெற்றோர் முன்வந்து சொல்ல வேண்டும் என்று அந்த உட்பிரிவு எதிர்பார்க்கவில்லை; 'உங்கள் பிள்ளை வரலாமா' என்று பள்ளி கேட்டு இசைவு பெற்றிருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது. நடைமுறையில் எந்தப் பள்ளியும் அப்படிக் கேட்பதாகத் தெரியவில்லை என்பது வேறு செய்தி. சேர்க்கைப் படிவத்தில் 'பள்ளியின் விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்' என்று நீங்கள் கையெழுத்திட்டிருக்கலாம். அந்தப் பொதுவான வரியை வழிபாட்டுக்கான இசைவாகக் கொள்ள முடியாது என்பது என் கருத்து.

இதனால் அந்தப் பள்ளி தன் ஆலயத்தில் ஆராதனை நடத்தக் கூடாது என்று ஆகிவிடாது. சிறுபான்மையினர் கல்வி நிலையம் நிறுவி நடத்தும் உரிமையை 30ஆவது பிரிவு அளிக்கிறது. விரும்பி வரும் பிள்ளைகளோடு அவர்கள் தாராளமாக வழிபடலாம். இந்து அறக்கட்டளைப் பள்ளியில் நடக்கும் சரசுவதி பூசைக்கும், இசுலாமிய நிர்வாகத்தின் பள்ளியில் நடக்கும் தொழுகைக்கும் இதே அளவுகோல்தான். தன் சமயத்துப் பள்ளி என்றால் ஒரு நியாயமும் பிறர் பள்ளி என்றால் வேறு நியாயமும் பேசுகிறவர்கள் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு.

விலகி நிற்கும் பிள்ளையை எப்படி நடத்துவது என்பதற்கு 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று நல்ல வழிகாட்டி. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் பாடப்பட்டபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் சமய நம்பிக்கை இடங்கொடுக்கவில்லை என்பதால் பாடவில்லை. 1985இல் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி ஆணையிட்டது. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்ற பொருளில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பை முடித்தார். அந்த மூன்று பிள்ளைகளின் நம்பிக்கை சரியானதா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. அது மனச்சான்றோடு கொண்ட நம்பிக்கையா என்பதையே பார்த்தது.

ஆகவே தலைமை ஆசிரியைக்கு இரண்டு பத்தியில் ஒரு கடிதம் எழுதுங்கள். பள்ளியின் மீது உங்களுக்குள்ள மதிப்பைச் சொல்லுங்கள். ஆராதனை நேரத்தில் மகள் நூலகத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். சட்டப் பிரிவின் எண்ணை முதல் கடிதத்திலேயே எழுத வேண்டாம். அதற்கு முன் மகளிடம் காரணத்தைக் கேட்டுவிடுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை போக மறுப்பதற்குச் சமயத்தோடு தொடர்பில்லாத காரணங்களும் இருக்கக்கூடும்.

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். காலைக் கூட்டத்தில் இந்து, கிறித்தவ, இசுலாமியப் பாடல்கள் மூன்றையும் பாட வைத்தால் எல்லோரையும் சமமாக நடத்தியதாகும் என்று சக ஆசிரியர்கள் கருதுகிறார்கள். தங்கள் கருத்து என்ன? (ஆசிரியர், மஞ்சூர்)

பதில்: நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைதான், ஆனால் மூன்றோடு கணக்கு முடிந்துவிடுமா? தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. மலைமுடிகளில் தெய்வங்களைக் காண்கிற தொதவர் வீட்டுப் பிள்ளையும், அய்யனோர் அம்மனோரை வணங்கும் கோத்தர் வீட்டுப் பிள்ளையும் உங்கள் மூன்று பாடல்களில் எதைத் தம்முடையதாகக் கொள்வார்கள்? அவர்களை இந்துக்களின் கணக்கில் சேர்த்துக்கொள்வது நமக்கு வசதி. அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்டதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் வரிசையில் நிற்கிறது. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் யாரேனும் ஒருவர் வெளியே நிற்பார்.

சட்ட நிலையைச் சொல்ல வேண்டுமானால், முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்று 28ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு திட்டவட்டமாகக் கூறுகிறது. காலை வணக்கப் பாடல் 'சமயப் போதனை' ஆகுமா என்பதில்தான் வழக்கு. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் பாடப்படும் வடமொழிப் பிரார்த்தனையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை, கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் கூறியது. நீதிபதிகளுக்கே எளிதில் விடை கிடைக்காத வினா என்பதால், உங்கள் பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு திருக்குறள், சற்று நேர அமைதி, இறுதியில் நாட்டுப்பண் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி. அந்த அமைதியில் வணங்குகிற பிள்ளை வணங்கட்டும். மற்றது தன் வீட்டுப்பாடத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல சமயங்களின் கருத்துகளை மாணவருக்கு அறிமுகப்படுத்துவது சமயப் போதனை ஆகாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உதகை பெர்ன்ஹில்லில் 1923இல் நடராஜ குரு நிறுவிய நாராயண குருகுலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அவருடைய ஆசான் நாராயண குரு 1924இல் ஆலுவாயில் கூட்டிய சர்வமத மாநாட்டின் வாயிலில், வாதிட்டு வெல்வதற்காக இல்லை, அறியவும் அறிவிக்கவுமே இம்மாநாடு என்ற பொருளில் எழுதி வைக்கச் செய்தார். மலையில் தங்கள் தெய்வமான ஹெத்தையம்மனின் திருவிழாவுக்குப் படகர் சமூகத்தார் ஏன் வெள்ளை உடுத்துகிறார்கள் என்பதைப் படகர் வீட்டுப் பிள்ளை ஒன்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வகுப்பு, மூன்று பாடல்களை ஒப்பிப்பதைவிடப் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விடுவது ஒரு சமூகத்துக்குச் சலுகை காட்டுவதாகாதா? (வாசகர், குன்னூர்)

பதில்: ஆகாது. விடுமுறை யாரையும் வணங்கச் சொல்லவில்லை. வழக்கமாக அதை ஈடு செய்ய ஒரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்படும். அந்தச் சனிக்கிழமையைத்தான் நீங்கள் மன்னிக்க மறுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் பகுதியில் விடியற்காலையில் எதிர்ச் சரிவிலிருந்து கோயில் பாட்டும், கீழே பள்ளிவாசலின் பாங்கும், விழாக் காலத்தில் தேவாலயத்தின் பாடல்களும் ஒலிபெருக்கியில் வருகின்றன. என் தாயார் நோயாளி. புகார் கொடுத்தால் மதத்துக்கு எதிரானவன் என்று பெயர் வருமோ என்று அஞ்சுகிறேன். (வாசகர், குன்னூர்)

பதில்: சமவெளியில் இரண்டு தெருவுக்கு அப்பால் அடங்கிவிடும் ஒலி, மலையில் பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்ச் சரிவில் மோதித் திரும்பும். ஒலிபெருக்கியைக் கட்டுகிறவர் தன் கம்பத்தடியில் நின்று பார்த்துவிட்டு 'அவ்வளவு சத்தமில்லையே' என்று சொல்வது அதனால்தான்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சமயத்தின் பெயரைக் கேட்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் கூடவே கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும் பத்திலிருந்து நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடியற்காலை நான்கரைக்கோ ஐந்துக்கோ தளர்வு கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

அதே 2000ஆம் ஆண்டில், சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், பிறருடைய அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் கொட்டியும்தான் வழிபட வேண்டும் என்றோ எந்தச் சமயமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பாங்கு இசுலாத்தின் பகுதி, ஒலிபெருக்கி அதன் பகுதி இல்லை என்று பிரித்துக் கூறியதும் இந்த வழியில் வந்ததுதான். பாங்கு சொல்வதையும் திருப்பள்ளியெழுச்சி பாடுவதையும் யாரும் தடுக்கவில்லை. மின்சாரம் வருவதற்கு முன்பும் இவையெல்லாம் நடந்தன.

உங்கள் அச்சத்துக்கு ஒரு வழி உண்டு. மூன்று இடங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில், தாயாரின் உடல்நிலையைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள். பலன் இல்லையென்றால் மூன்றையும் குறிப்பிட்டே காவல் நிலையத்தில் ஒரே மனுவாகக் கொடுங்கள். ஒன்றை மட்டும் குறிப்பிடும் புகார்தான் வேறு நிறம் பெறுகிறது.

கேள்வி: தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயனில் குடியிருக்கிறோம். திருவிழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் வரி கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளாக நாங்கள் வேறு வழிபாட்டுக்குப் போகிறோம் என்பதால் வரி கொடுக்க மனம் ஒப்பவில்லை. கொடுக்காவிட்டால் கல்யாணம், சாவு எதற்கும் வரமாட்டோம் என்று ஊர்த் தலைவர்கள் சொல்கிறார்கள். அரசமைப்பில் இதற்குப் பாதுகாப்பு உண்டா? (ஒரு தொழிலாளி, பந்தலூர் வட்டம்)

பதில்: இத்தனை கடிதங்களிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைச் செலுத்தும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 27ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அது அரசு விதிக்கும் வரியைப் பற்றியது. உங்கள் லயனில் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர் அரசு அலுவலர் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசின் கையைக் கட்டுவதற்காக எழுதப்பட்டவை. ஊரின் கையைக் கட்ட அவை அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை.

அதற்காக நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்கு 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம் முதலே வரையறை உண்டு. தொழிலாளியின் சம்மதமின்றிக் கோயில் வரியைச் சம்பளத்தில் பிடிக்க அதில் இடமில்லை. அப்படிப் பிடித்தால் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். மிரட்டிப் பணம் வாங்குவதும் அச்சுறுத்துவதும் குற்றவியல் சட்டப்படி குற்றங்கள். ஆனால் 'உன் வீட்டுச் சாவுக்கு வரமாட்டேன்' என்பதை எந்தக் காவல் அதிகாரியாலும் வழக்காக்க முடியாது. சாவுக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்று எதிர்த்தரப்பு கூறும். மகாராட்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்பைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றி, குற்றவாளிக்கு மூன்றாண்டு வரை சிறை என்று வைத்தது. தமிழ்நாட்டில் அதற்கு நிகரான தனிச் சட்டம் இல்லை. ஊர்க் கட்டுப்பாடும் தள்ளிவைத்தலும் நாமறிந்த நடப்பாக இருக்கும் மாநிலத்தில் இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

லயன் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு உங்கள் சங்கடம் புரியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வேலை போனால் வீடும் போகும். நள்ளிரவில் யாருக்கேனும் உடம்புக்கு முடியாமல் போனால் தூக்கிக்கொண்டு ஓடப் பக்கத்து வீட்டார்தான் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இந்தத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு மாரியம்மன் கோயில் வழிபாட்டிடம் மட்டுமில்லை. அதுவே சங்கமாகவும் பஞ்சாயத்தாகவும் அவசர நிதியாகவும் இருந்தது. வரி கேட்கிறவர்கள் அந்தப் பழைய கட்டுமானம் உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். அவர்களுடைய அச்சமும் வெறும் பிடிவாதமில்லை.

இரண்டையும் கருதி ஒரு யோசனை சொல்கிறேன். ஊர் வரியின் கணக்கை இரண்டாகப் பிரிக்கும்படி தலைவர்களிடம் கேளுங்கள். குடிதண்ணீர், பாதை, விளக்கு, இறுதிச் சடங்குக்கான உதவி ஆகியவை ஒரு கணக்கு. பூசை, கரகம், மேளம், அலங்காரம் ஆகியவை மற்றொரு கணக்கு. முதலாவதை மற்றவர்களைப் போலவே, முடிந்தால் அவர்களைவிட ஒரு ரூபாய் கூடுதலாகவே கொடுங்கள். இரண்டாவதை அவரவர் மனம்போல் நன்கொடையாக விட்டுவிடச் சொல்லுங்கள். விழாவன்று ஊரார் சோறு ஆக்கினால் விறகு சுமக்கப் போங்கள். அதில் உங்கள் நம்பிக்கைக்கு ஊறு இல்லை. இத்தனைக்குப் பிறகும் தள்ளிவைத்தால், அந்த முடிவு எழுத்தில் இருந்தால் அதன் நகலோடும், இல்லையென்றால் சொன்னவர் பெயர், நாள், கேட்டவர் ஆகிய விவரங்களோடும் வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். இத்தகைய தகராறுகளில் இரு தரப்பையும் அழைத்துச் சமாதானக் கூட்டம் நடத்துவது அவர்களுக்குப் பழக்கமான வேலை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவசச் சட்ட உதவியும் கேட்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் வசிக்கும் சிறு நகரத்தில் நகரமன்றக் கூட்டம் போதகர் ஒருவரின் ஜெபத்தோடு தொடங்கியதைக் கண்டு வியந்தேன். அரசையும் சமயத்தையும் பிரித்து வைத்த நாடு என்கிறார்களே! அவர்களே அப்படிச் செய்யும்போது, நம் கிராம சபை ஏன் இறைவணக்கத்தோடு தொடங்கக் கூடாது? (ஓய்வு பெற்றவர், அருவங்காடு)

பதில்: நீங்கள் கண்டது அந்நாட்டில் இன்னும் ஓயாத ஒரு வாதம். நியூயார்க் மாநிலக் கல்வித் துறை, எந்தச் சமயத்தையும் பெயர் சொல்லாமல் இருபத்திரண்டே ஆங்கிலச் சொற்களில் ஒரு பிரார்த்தனையை எழுதிப் பள்ளிகளில் சொல்ல வைத்தது. விரும்பாத பிள்ளைகள் விலகி நிற்கலாம் என்ற சலுகையும் இருந்தது. ஆனாலும் 1962இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், பிரார்த்தனைகளை இயற்றுவது அரசின் வேலையில்லை என்று அதை நிறுத்திவிட்டது. அதே நீதிமன்றம் 2014இல், நியூயார்க் மாநிலத்தின் கிரீசு என்னும் சிறு நகரில் மன்றக் கூட்டத்தின் தொடக்க ஜெபத்தை எதிர்த்து யூதப் பெண் ஒருவரும் நாத்திகப் பெண் ஒருவரும் தொடுத்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெபத்தை அனுமதித்தது. அடுத்த ஆண்டே கனடாவின் உச்ச நீதிமன்றம் சாகனே என்னும் நகரமன்றத்தில் அத்தகைய ஜெபம் கூடாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க மேலவையில் 2007 சூலையில் முதன்முறையாக ஓர் இந்துப் பிரார்த்தனை சொல்லப்பட்டபோது பார்வையாளர் மாடத்திலிருந்து எதிர்ப்புக் குரல் எழுப்பி இடையூறு செய்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பொது மன்றத்தில் ஜெபம் வேண்டும் என்போரில் பலர் தங்களுடைய ஜெபத்தையே மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

கிரீசு நகர வழக்கில் மாறுபட்ட நால்வருக்காகப் பேசிய நீதிபதி எலினா கேகனின் வாதம்தான் நம் கிராம சபைக்குப் பொருந்துவது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடுகிறார்கள். நகரமன்றத்துக்கோ சாதாரணக் குடிமகள் தன் குறையைச் சொல்லி ஒன்றைக் கேட்டுப் பெற வருகிறாள். யாரிடம் கேட்கப் போகிறாளோ அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் எழுந்து வணங்கும்போது, அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாளா? நம் ஊரில் எண்ணிப் பாருங்கள். நூறு நாள் வேலை கேட்டும் குடிநீர்க் குழாய் கேட்டும் வரும் ஒரு பணியர் பெண்ணோ ஓர் இசுலாமிய மூதாட்டியோ, ஊராட்சித் தலைவர் கண் மூடிக் கைகூப்பி நிற்கும்போது என்ன செய்ய முடியும்? சட்டம் அவளைக் கட்டாயப்படுத்தாது. குழாய் கட்டாயப்படுத்தும்.

நம்முடைய அரசமைப்பு அவையும் இதை நேருக்கு நேர் விவாதித்தது. 1949 அக்டோபர் 17ஆம் நாள், முகப்புரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். இது நம்பிக்கையில் கட்டாயப்படுத்துவதாகாதா என்று திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை கேட்டார். நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்கும் உரிமை தரும் அதே முகப்புரையில், ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டிய ஒன்றை எல்லோர் மீதும் சுமத்தலாகாது என்று மற்றோர் உறுப்பினரான குன்சுரு வாதிட்டார். திருத்தத்தை வலியுறுத்த வேண்டாம் என்று அவைத் தலைவர் இராசேந்திர பிரசாத் கேட்டும் காமத் இணங்கவில்லை. வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்கள் எல்லோரும் கடவுளை மறுத்தவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த அவையில் பெரும்பாலோர் நாள்தோறும் பூசை செய்தவர்களும் தொழுதவர்களும்தான்.

அதே அரசமைப்பு, பதவியேற்கிறவர் ஆண்டவன் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்தது. தனியொருவர் தம் வாயால் சொல்லும்போது தெரிவு அவருடையது. கூட்டத்தின் பெயரால் ஒருவர் சொல்லி மற்றவர்கள் நிற்கும்போது தெரிவு யாருடையது? உங்கள் கிராம சபை கூடுவதற்கு முன் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போய்விட்டு வருவதை யாரும் தடுக்கவில்லை ஐயா. கிராம சபை கூடும் மே முதல் நாளும் அக்டோபர் இரண்டும் விடுமுறை நாட்கள்தாமே, காலையில் நேரம் இருக்கும்.

கேள்வி: சாமி ஊர்வலம் பள்ளிவாசல் தெரு வழியாகப் போகலாமா? (வாசகர், கூடலூர்)

பதில்: போகலாம். பொதுச் சாலையில் ஊர்வலம் செல்லும் உரிமை, போக்குவரத்துக்கும் காவல்துறையின் முறையான ஆணைகளுக்கும் உட்பட்டு எல்லோருக்கும் உண்டு என்பதை 1920களிலேயே, அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், ஷியாப் பிரிவினரின் முஹர்ரம் ஊர்வலம் குறித்த வழக்கில் உறுதி செய்தது. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் கோயில் ஊர்வலத்துக்கு எழுந்த எதிர்ப்பை 2021 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஓர் இடத்தில் பெரும்பான்மையாக இருப்பவர் பிறர் ஊர்வலத்தைத் தடுக்கலாம் என்றால், நாட்டின் பெரும்பகுதியில் சிறுபான்மையினரே தங்கள் விழாக்களை நடத்த முடியாமல் போகும் என்று சுட்டிக்காட்டியது. வேண்டுமென்றே தொழுகை நேரத்தில், வேண்டுமென்றே அந்த வாசலில் நின்று முழக்கமிடுவதற்கு இதில் உரிமை எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் மந்தில் (தொதவர் குடியிருப்பில்) உள்ள கோயிலைச் சுற்றுலாப் பயணிகள் வேலி தாண்டி வந்து படம் எடுக்கிறார்கள், சடங்கு நடக்கும்போது நெருங்கி நிற்கிறார்கள். தடுத்தால் 'இது பொது இடம்' என்கிறார்கள். வழிபாட்டைத் தனியாக வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லையா? (தொதவர் இளைஞர், உதகை)

பதில்: உண்டு. வழிபாட்டுச் சுதந்திரம் என்றதும் எல்லோர் கண்ணிலும் படும்படி வழிபடும் உரிமையையே பேசுகிறோம். பிறர் கண்ணில் படாமல் வழிபடும் உரிமையும் அதற்குள் அடங்கும். பால்மடமே கோயிலாகவும், கறப்பவரே பூசாரியாகவும் அமைந்த உங்கள் வழிபாட்டில் யார் எந்த எல்லைவரை வரலாம் என்பது சடங்கின் உட்பொருள். அதை வேடிக்கைப் பொருளாக்கியதில் சுற்றுலாத் துறையின் விளம்பரப் படங்களுக்கும் பங்குண்டு.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் குறித்து 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும். அம்மலையைத் தெய்வமாகக் கொண்ட தோங்கிரியா கோந்து மக்களின் சமய உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று நீதிமன்றம் கூறியது. கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் திட்டத்தை மறுத்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பண்பாட்டு மரபைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. இரண்டாயிரம் பேர் அளவே உள்ள சமூகத்துக்கு இது பெரிய துணை. கோயிலுக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்த நாட்களில் வெளியார் வரலாம், படம் எடுக்கலாமா என்பதைத் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் சுற்றுலா அலுவலருக்கும் அனுப்புங்கள். பலகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வையுங்கள். வருகிறவர்கள் அந்த மாநிலங்களிலிருந்துதான் வருகிறார்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் உறவினரும் நண்பர்களும் கூடி ஜெபிக்கிறோம். அனுமதி வாங்காமல் ஜெபக் கூட்டம் நடத்தக் கூடாது, மதம் மாற்றுகிறீர்கள் என்று சிலர் வந்து தடுக்கிறார்கள். (வாசகி, கூடலூர் வட்டம்)

பதில்: வீட்டில் உற்றாரோடு ஜெபிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பக்கத்து வீட்டில் நடக்கும் பசனைக்கும், நபியின் புகழ் பாடும் மௌலூதுக்கும் அனுமதி கேட்பாரில்லை. கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதாக 2002இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சட்டம் இருந்த காலத்திலும் வீட்டுக்குள் புகுந்து விசாரிக்கும் அதிகாரத்தை அது வழிப்போக்கருக்குத் தரவில்லை. ஒருவர் தம் சமயத்தைப் பற்றிப் பிறரிடம் பேசுவது 25ஆவது பிரிவு தரும் உரிமை. பணத்தையோ பயத்தையோ காட்டி மாற்றுவது அந்த உரிமைக்குள் வராது என்பதை 1977இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தடுக்க வந்தவர்களோடு வாசலில் வாதிடாமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தரப்பிலும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், வருகிறவர்களின் வண்டிகள் அண்டை வீட்டு வாசலை அடைக்க வேண்டாம். பொது வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்பவோ, இருக்கும் வீட்டை அதற்கென மாற்றவோ மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் நெடுங்காலமாக உள்ள நிபந்தனை. கூட்டம் பெருகி, அறிமுகமில்லாதவர்களும் வரத் தொடங்கி, வாசலில் பெயர்ப்பலகை வைக்கலாமா என்று நீங்களே எண்ணும் நிலை வந்தால், பலகைக்கு முன் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.